பொம்மைக் கிழவிக்குக் கொடுத்த சிரிப்பு

சிரிப்பு வந்தால் தங்கையின் கை தானாக வாய்க்குப் போய்விடும். கை ஈரமாக இருந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பல வருடங்களாக ஸ்பீக்கர்காரர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்ப்பவர்கள் அதை அடக்கம் என்பார்கள். அண்ணனான அவருக்கு மட்டும் அப்படிச் சொல்ல வாய் வராது.

கூட்டம் கூடும் இடங்களில் மைக்கும் ஸ்பீக்கரும் கட்டுவது அவர் பிழைப்பு. ஒரு கோடையில் பொருட்காட்சியில் பேய் வீடு போட்டார்கள். ஒட்டுப்பலகைச் சுவர், கறுப்புத் துணி, கடைசி அறையில் நாற்காலியில் ஒரு பொம்மைக் கிழவி. உள்ளே கால் வைத்ததும் கிழவி சிரிக்க வேண்டும். விரிப்புக்கு அடியில் மிதித்தால் வேலை செய்யும் சுவிட்சைப் பதித்தார். நாற்காலிக்குக் கீழே ஒரு காலி டின்னுக்குள் ஸ்பீக்கரை வைத்தார். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சிரிப்புதான் சரியாக அமையவில்லை. கடையில் வாங்கிய பேய்ச் சிரிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

"இதக் கேட்டா என் பேரனே கொட்டாவி விடுவான்யா," என்றார் பேய் வீட்டு முதலாளி. "நெசமா ஒரு பொம்பள சிரிக்கிற மாதிரி கொண்டா."

அப்போதுதான் தங்கை ஞாபகத்துக்கு வந்தாள். அவள் சிரிப்பு அடித்தொண்டையில் தொடங்கி, மேலே மேலே ஏறி, மூச்சு முட்டி, கடைசியில் ஒரு விக்கலில் போய் விழும். சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று புகுந்த வீட்டுக்குப் போன புதிதிலேயே மாமியார் சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் வீட்டுக்கு வந்தால் சேர்த்து வைத்ததையெல்லாம் சிரித்துத் தீர்ப்பாள். "இங்க வந்தாத்தான் அண்ணி எனக்குத் தொண்டையே திறக்குது," என்பாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது டம்ளர் அடுக்குக்குப் பின்னால் ரெக்கார்டரை ஒளித்து வைத்தார். மைக் ஓடுவது தெரியாமல், "இந்த ஆளு எப்பய்யா பேச்ச முடிப்பான்?" என்று கேட்டுவிட்ட விழாத் தலைவரின் கதையைச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அதைக் கொஞ்சம் மெதுவாக்கி, கிழவியிடம் கொடுத்தார்.

கூட்டம் அலறியடித்து ஓடியது. முதலாளி தோளில் தட்டினார். தலைகால் புரியாத பெருமையில், விஷயத்தைச் சொல்லாமலே தங்கையை அங்கே கூட்டிப் போனார்.

கடைசி அறையில் முன்னால் போன இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "ஐயோ, என்னடி இது! மனுஷி சிரிப்பா இது? குடலையே பெரட்டுது!"

தங்கை அலறவில்லை. கடைசி விக்கல் வரைக்கும் நின்று கேட்டாள். வெளியே வந்ததும், "அண்ணா, அது நான்தானே?" என்றாள்.

"பின்ன? ஊரே அலறுது பாத்தியா!"

"என் சிரிப்பு அப்படியா இருக்கும்?"

"சேச்சே, கொஞ்சம் மெதுவாக்கியிருக்கேம்மா."

"கொஞ்சந்தானே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே பேச்சை மாற்றினாள். "சரி விடு, எனக்குச் சேர வேண்டிய சம்பளத்த வாங்கிக் குடு." சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போனது. அதுதான் முதல் தடவை.

அன்று அவர் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "அவ வாய்விட்டுச் சிரிக்கன்னு இருந்தது இந்த ஒரு வீடு. அதையும் டிக்கெட் போட்டு வித்துட்டீங்களே."

மறுநாள் முதலாளியிடம் போய், அந்தச் சிரிப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "கூட்டமே அதுக்குத்தான்யா வருது. பொருட்காட்சி முடியட்டும்," என்றார் அவர். ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கியிருந்தால் போதும். ஸ்பீக்கர்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். பொருட்காட்சி முடிந்ததும் பேய் வீடு வேறு ஊருக்குப் போனது, கிழவியோடும் சிரிப்போடும். அது திரும்பி வர ஒரு வருடம் ஆனது. வந்த அன்றே கிழவியின் சிரிப்பை அழித்தார். வீட்டில் இருந்த மூலப் பதிவையும் ஆத்திரத்தில் அழித்தார்.

"அழிச்சிட்டேம்மா," என்றார் தங்கையிடம்.

"எத அண்ணா?" என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

இப்போது மாமியார் இல்லை. அவள் வீட்டில் தடை சொல்ல ஆளும் இல்லை. பேய் வீட்டுக் கிழவி சிரிப்புக்குப் பதில் வெறும் காற்றுச் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அவரும் விடாமல் அந்த விழாத் தலைவரின் கதையைச் சொல்கிறார். அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். தோள் குலுங்குகிறது. சத்தம் வருவதில்லை.