காலி செய்யாத கோந்த்வா வீடு

வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா, பங்கு வாங்கிப் போடலாமா என்று யாராவது என்னைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். எது எத்தனை மடங்காகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்று தோன்றும் நாளில் அதிலிருந்து வெளியே வர முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் அந்தக் காலத்தில் கேட்கவில்லை.

பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். எட்டு மணி நேரமும் அந்த இடிதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனி தன் பங்குகளில் கொஞ்சத்தைத் தொழிலாளர்களுக்கும் கொடுத்தது. நானும் பக்கத்து மெஷினில் நின்ற மராத்தி நண்பனும் ஒரே அளவு வாங்கினோம். விலை ஏறியபோது நான் பெரிய முதலாளி மாதிரி நடந்தேன். பிறகு சந்தை விழுந்தது. எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. நண்பன் பத்திரங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வடாபாவ் தின்னப் போனான்.

சூடு கண்ட பூனை நான். விலை கொஞ்சம் தேறியதும் எல்லாவற்றையும் விற்று, கம்பெனியில் வீட்டுக்கடனும் வாங்கி, பூனாவின் மறுகோடியில், கோந்த்வாவில் இரண்டு அறை ஃப்ளாட் ஒன்று வாங்கினேன். அப்போது அங்கே பாதி பொட்டல். தண்ணீர் டாங்கரில் வரும். ஷிப்டுக்குத் தூரம் என்பதால் நாங்கள் சிஞ்ச்வட்டிலேயே வாடகை வீட்டில் இருந்தோம். செங்கல் ஒரே நாளில் பாதியாகிவிடாது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "அத்த எடுத்து செலவு பண்ணவும் முடியாது" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. அப்போது காது நன்றாகத்தான் கேட்டது.

பூனாவில் வீடு விடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. பதினோரு மாதத்துக்குப் பத்திரம் எழுதுவார்கள். பதினோராம் மாதம் ஆள் வெளியே போயாக வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பத்திரம். நண்பன் இதை எனக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்தான். ஆனால் வந்தவன் ஆரணிக்காரன். எங்கள் ஊரிலிருந்து நாலு மைல். ஹடப்சர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன். "நமக்குள்ள எதுக்குண்ணே பத்திரம்?" என்றான். பூனாவில் முப்பது வருஷம் இந்தியும் மராத்தியும் பேசிக் களைத்தவனுக்கு அந்த 'நமக்குள்ள' போதுமானதாக இருந்தது. கையெழுத்து எதுவும் வாங்காமல் சாவியைக் கொடுத்தேன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. முதல் தேதி வாடகை வந்துவிடும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் அடிப்பான்.

இரண்டு வருஷம் கழித்து, எனக்கு ஐம்பது வயதானபோது, இடது காதில் ஒரு ரீங்காரம் வந்து குடியேறியது. கம்பெனி டாக்டர் சோதித்துப் பார்த்து, இடது காது முக்கால்வாசி போய்விட்டது, இந்த இடத்தில் நின்றால் வலதும் அதன் பின்னால் போகும் என்றார். வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டேன். ஆளைக் குறைக்கிற நேரத்தில் மாற்றல் எங்கே என்றார்கள். ஆனி மாதம் அதற்கான அறிவிப்பே வந்தது: விருப்ப ஓய்வு வேண்டுபவர்கள் டிசம்பர் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கலாம். வருகிற தொகையில் என் வீட்டுக்கடனைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு வருஷச் சாப்பாட்டுக்கும் காணாது. ஃப்ளாட்டை விற்றால் கடனும் தீரும், ஒரு ஸ்டேஷனரி கடையும் வைக்கலாம். காது பிழைக்கும்.

வாங்க ஆள் கிடைத்தான். வீடு காலியாக இருக்க வேண்டும், பத்திரமில்லாமல் ஆள் குடியிருக்கும் வீடு வேண்டாம் என்று கறாராகச் சொன்னான். நான் கோந்த்வாவுக்குப் போனேன்.

"போறண்ணே, தாராளமா போறேன். ஆடி பொறக்கப் போவுது. ஆடில குடி போவக் கூடாதில்ல?"

கூடாதுதான். நானே போக மாட்டேன். ஆவணியில் மறுபடி போனேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே லட்டு கொடுத்தான். "வீட்ல முழுகாம இருக்காண்ணே. நாலாம் மாசம். புள்ளத்தாச்சிய வெச்சிகினு வூடு மாத்தக் கூடாதுன்னு அம்மா போன்ல அழுவுது."

லட்டை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மராத்தி நண்பனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். "போலீஸ், கோர்ட் என்று சொன்னால் புரிகிறது. காலண்டரைக் காட்டியா உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான். அவனுக்குப் புரியாது. அவர்கள் கிளம்பிப் போய், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கு அந்தப் பயம் இருந்தது. சட்டத்தைக் காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் அம்மா சொல்லியிருக்கக்கூடிய வார்த்தையோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

கார்த்திகையில் கண்டிப்பாகப் பேசிவிட்டு வருகிறேன் என்று மனைவி கிளம்பினாள். ஷிப்ட் முடிந்து நான் வந்தபோது அடுக்கு டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தாள். புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம்.

"வளைகாப்பாம். மூத்த சுமங்கலின்னு என்னிய மொதல் வளையல் போடச் சொன்னாங்க. போட்ட கையோட வூட்ட வுட்டுப் போன்னு எப்டிங்க சொல்றது?"

எனக்குக் கோபம்தான். ஆனாலும் சாப்பிட்டேன். புளிசாதம் நன்றாகவே இருந்தது.

மார்கழி வந்தது. அதில் குடி போவதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் நண்பன் காலையில் புரோக்கருக்குப் போன் செய்தான். பெட்டியில் தூங்கிய பங்குகளை விற்கச் சொல்லிவிட்டு டீ குடித்தான். மறுநாள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தான். யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை, யாருடைய நல்ல நாளுக்கும் காத்திருக்கவில்லை. அவன் மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் என் மெஷினிலேயே நின்றேன். பொறாமையில் வெந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

தையில் பெண் குழந்தை பிறந்தது. சித்திரையில் அவர்கள் தாங்களாகவே காலி செய்தார்கள், வீட்டைக் கழுவித் துடைத்து, வெற்றிலை பாக்கில் சாவியை வைத்து. வாங்க இருந்தவன் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டான். ஓய்வுத் திட்டம் மறுபடி வரவில்லை; அந்தத் தொகை இல்லாமல் வேலையை விட எனக்குத் துணிவில்லை. நான் இன்னும் எட்டு வருஷம் தகடு மிதித்தேன்.

அந்த எட்டு வருஷத்தில் கோந்த்வா முழுக்கக் கட்டடமாகிவிட்டது. ஃப்ளாட்டின் விலை எங்கேயோ போய்விட்டது. போன மாதம் நண்பன் வந்திருந்தான். தன் பங்குகளை மலிவாக விற்றுவிட்டதாகவும், அன்று விற்க முடியாமல் போன நான்தான் புத்திசாலி என்றும் சொன்னானாம். மனைவி அதை என் வலது காதருகே வந்து திரும்பச் சொன்னாள். கணக்குப்படி நான் ஜெயித்தவன். மூன்றாவது வீட்டில் குக்கர் விசில் அடித்ததாம். அவன் திரும்பிப் பார்த்தான், நான் பார்க்கவில்லை.

ஆரணிக்காரன் இந்தப் பொங்கலுக்கும் வந்தான். ஒவ்வொரு வருஷமும் வருவான். அவன் மகளுக்கு இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்து இந்தியும் வீட்டுத் தமிழும் கலந்து பேசுவாளாம். என் முன்னால் வந்து நின்று, முகத்தை நிமிர்த்தி ஏதோ ஒரு பாட்டை முழுதாகப் பாடினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அவர்கள் போன பிறகு மனைவியிடம், "அந்தப் பொண்ணு கொரலு எப்டி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் என் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "ரொம்ப மெல்லிசா இருக்குங்க!"