மேசைக்கடியில் ஒரு பொறியியலாளர்

"மூளை உள்ளவன் வீட்டில மிஷின் சாமியைக் கேட்டு ஓடாது. அவனைக் கேட்டுத்தான் ஓடும்!"

இந்த அரிய பிரகடனத்தை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், சரஸ்வதி பூசையன்று, அவல் தின்றுகொண்டிருந்த மைத்துனர் குடும்பத்தின் முன்னிலையில் வெளியிட்டவன் நான்தான். பெயர் சிவபாதசுந்தரம். தொழில், கப்பல் கம்பனி ஒன்றில் கணக்கெழுதுவது. கல்வி, யூடியூப் வழியாகக் கணினிப் பொறியியல்.

பிரிட்ஜ், தையல் மெஷின், காஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மனைவி றமீலா சந்தனக் கிண்ணத்தோடு என் லாப்டொப்பின் முன்னால் நின்றாள்.

"ஓம், நீங்கள் பெரிய ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டே அதன் மூடியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

அந்த லாப்டொப்பின் பற்றரி செத்துக் கனகாலம். சார்ஜர் வயர் கழன்றால் அந்தக் கணமே உயிர் போகும். மடியில் வைக்க முடியாத அதை மடிக்கணினி என்பது, என்னைப் பொறியியலாளர் என்பதைப் போன்றது. அதன் உடம்பில் என் கை படாத இடமில்லை. கை பட்ட இடமெல்லாம் ஒரு திருகாணி குறைவு.

விஜயதசமிக்கு மறுநாள் மகள் யதுஷாவுக்கு இணைய வழியில் வேலைக்கான நேர்முகம். அவளுடைய முதல் வேலை. கம்பியூட்டரில்தான் வரவேண்டும், போன் ஆகாது என்று எழுதியிருந்தார்கள். காலையில் பட்டனை அழுத்தினாள். ஒன்றுமில்லை.

"அப்பா, லைற் வருதில்லை. மாமாட்ட லாப்டொப் கேப்பமா?"

அவலும் கையுமாய் என் பிரகடனத்தைக் கேட்டிருந்த அதே மாமா! "நான் இருக்கேக்க மாமா என்னத்துக்கு?" என்றேன்.

பிளக்கைக் குசினிப் பொயின்ருக்கு மாற்றினேன். வயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை நெடுநேரம் அமர்த்திப் பிடித்தேன். பின்மூடியைத் திறந்து மெமறியைக் கழற்றி, அதன் பல்லை அழிறப்பரால் தேய்த்தேன். யதுஷா சுவரைப் பார்த்துத் தன்னை அறிமுகப்படுத்திப் பழகிக்கொண்டிருந்தாள்.

"மதர்போட் முடிஞ்சுது" என்றேன், கையை விரிக்கும் டொக்டரின் குரலில்.

"சார்ஜர்ல லைற் எரியுதப்பா. லாப்டொப்பிலதான் எரியேல்லை. அப்ப, செருகிற ஓட்டையைப் பாத்தனீங்களா?"

பார்க்கவில்லை. அது முதல்நாள் நானே திருத்திய இடம் என்பதால், பழுதிருக்கக்கூடிய இடங்களில் அதைச் சேர்க்கவில்லை. டோர்ச் அடித்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. அத்தனை மகிழ்ச்சி எனக்குக் கலியாணத்தன்றும் வரவில்லை.

"றமீலா! இஞ்ச வாரும்! உம்மட சந்தனம்!"

"நான் மூடியிலதானே வைச்சனான்?"

யதுஷா வயரைப் பிடுங்கிவிட்டு, பல்லுக் குத்தும் குச்சியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். "சந்தனம் இல்லையம்மா, கம். ஓட்டை ஆடுதெண்டு நேற்று அப்பாதானே ஒட்டினவர்."

றமீலா குச்சியை வாங்கித் தானும் ஒருமுறை மணந்து பார்த்தாள்.

சுரண்டி முடித்ததும் லைற் வந்தது. ஆனால் வயரைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் மட்டும். பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கமராவில் படாமல் பொறியியலாளர் மேசைக்கடியில் புகுந்து, கையை மட்டும் மேலே நீட்டினார்.

மேலே மகள் இங்கிலிஷில் அழகாகக் கதைத்தாள். கீழே எனக்குக் கை விறைத்தது. அப்போது கல்கிசைப் பக்கமிருந்து ரயில் ஊதியது.

கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இப்போது மேசைக்கால் அதிரத் தொடங்கியது. லைற் ஒருமுறை மினுங்கியது. மைக் திறந்திருந்தபடியால், உதட்டை மட்டும் அசைத்தேன்: "பிள்ளையாரே, இந்த ஒரு ரயில் மட்டும்."

ரயில் போயிற்று. லைற் அணையாமல் நின்றது. மேலே, எப்போது வேலைக்கு வரமுடியும் என்று ஒரு குரல் கேட்டது.

வாசலில் நின்று என் உதட்டைப் பார்த்திருந்த றமீலா சத்தமில்லாமல் வந்து, குனிந்து, சந்தனக் கிண்ணத்தை என் முன்னால் நீட்டினாள். முகத்தில் சிரிப்பைக்கூடக் காட்டவில்லை. சார்ஜர் பெட்டி என் முழங்காலருகே சூடாகக் கிடந்தது. மற்றக் கையின் விரலால் சந்தனம் தொட்டு, அதற்கு ஒரு பொட்டு வைத்தேன்.