மரச்சீனிக்கு மாறிய கடை

களியக்காவிளைப் பேருந்து நிறுத்தத்தின் அருகே ஜெபகுமாரி பதினாறு வருடமாக ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வறுத்து விற்றுவந்தாள். தேங்காயெண்ணெய் விலை இரட்டிப்பானபோது பக்கத்துக் கடைகள் பாமாயிலுக்கு மாறின. அவளும் ஒருநாள் அப்படி வறுத்துப் பார்த்தாள். ருசி அவளுக்கே பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அதே அடுப்பில் மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வழக்கமாக வரும் வேன் ஓட்டுநர் ஸ்டெனி திகைத்து நின்றான்.

"சிப்ஸ் இல்லியாக்கா?"

"எண்ண வெல எறங்கட்டும் மக்கா. இதுக்கு எண்ணையே வேண்டாம். காந்தாரி மொளகு சம்மந்தி இருக்கு, தொட்டுத் தின்னு பாரு."

அவன் நின்றபடியே காரத் துவையலில் தொட்டுத் தின்றான். கண்ணில் நீர் வர, இன்னொரு தட்டு கேட்டான். மத்தியானத்துக்குள் பானை காலியானது.

ஒரு மாதத்தில் கிழங்குக்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எண்ணெய் விலை இறங்கினாலும் காலையில் கிழங்கு உண்டு என்று ஜெபகுமாரி முடிவு செய்துகொண்டாள்.