கத்தரின் போட்ட காற்சட்டை

கனடாவின் பிரெஞ்சு மாகாணத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள் ஜெயமதி. முதுகு நோவால் வேலையை விட்ட கணவர் செபமாலை வீட்டில் சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வருகிறார். இரண்டு வருஷமாக இப்படித்தான். ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய அண்ணைக்கு மட்டும் வேறு கதை: கிடங்கில் மெஷின் ஓட்டுவது தம்பி. அந்தப் பொய்க்கு ஜெயமதியும் ஒத்து ஊதிக்கொண்டு வந்தாள்.

ஜெயமதி போகிற சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்பில் ஒரு நாவல் கொடுத்தார்கள். அயர்லாந்திலிருந்து வந்து, கனடாவின் மேற்குப் புல்வெளியை உழுது குடியேறியவர்களின் கதை. புருஷன் செத்ததும் கத்தரின் என்பவள் அவனுடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏர் பூட்டுகிறாள். கடைசி அத்தியாயத்தில் மறுமணம் செய்து, காற்சட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். ஆண் வேலை, பெண் வேலை பற்றி அவரவர் வாழ்க்கையோடு சேர்த்து அடுத்த வகுப்பில் ஐந்து நிமிஷம் பேசவேண்டும் என்றார் ஆசிரியை.

ஜெயமதிக்கு அதுதான் சிக்கல். வகுப்பில் சர்மிளா இருந்தாள். செபமாலையின் அண்ணிக்கு ஒன்றுவிட்ட தங்கை. வகுப்பில் சொல்வது பின்னேரத்துக்குள் ரொறன்ரோ போய்ச் சேரும். வீட்டைத் தொடாமல் கத்தரினைப் பற்றி மட்டும் எழுதிப் பாடமாக்கினாள்.

அடுத்த சனிக்கிழமை அதை ஒப்புவித்து முடித்தாள். கத்தரின் அடுப்படிக்குத் திரும்பியது நல்ல முடிவா என்று ஆசிரியை கேட்டார். இல்லை என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் என்றதும் வாய் தன்பாட்டில் ஓடிற்று. புதுப் புருஷனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று எழுதினவர் யோசிக்கவேயில்லை, என்னுடைய புருஷனுக்குத் தெரியும், நான் கிடங்கில் நிற்க அவர்தான் வீட்டைப் பார்க்கிறார் என்று உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சர்மிளா குனிந்து போனைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த செபமாலை கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"கோவமோ?"

"தெரியேல்லை. போனைத் தாரும். சர்மிளா சொல்ல முன்னம் அண்ணைக்கு நான் சொல்லோணும்."

அண்ணை உடனேயே எடுத்தார். செபமாலை சுற்றிவளைக்கவில்லை. "அண்ணை, வேலைக்குப் போறது நானில்லை. ஜெயமதி." பிறகு வெறும் ஓம், ஓம்தான். அண்ணை சொன்னது ஒன்றும் ஜெயமதிக்குக் கேட்கவில்லை.

"என்னவாம்?"

"வாற சனிக்கிழமை இஞ்சை வாறாராம்."

"என்னத்துக்கு?"

"சொல்லேல்லை. வரட்டும். நண்டுக்கறி நான்தான் வைப்பன்," என்று திரும்பக் கத்தியை எடுத்தார். எப்போதும் ஒரே அளவாக விழும் வெங்காயத் துண்டுகள் இப்போது ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்துகொண்டிருந்தன.