இரும்பைத் தொட்டுவிட்டு

வீட்டு கிரில் கதவைத் திறப்பதற்கு முன் ரூபேந்திரன் அதன் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்துவார். காரோ, கோயில் உண்டியலோ, எதுவானாலும் முதலில் இரும்பு, பிறகுதான் மற்றது. உடம்பில் தங்கிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விட வேண்டுமாம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவர் கையாளும் தகடு மூன்றே அணு தடிமன். விரல் நுனியில் இருக்கும் துளி மின்சாரமே அதைப் பொசுக்கிவிடும்.

மனைவி லோஷினிக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "என் கையப் பிடிக்கிறதுக்கு முன்னால கட்டில் காலைத் தொடுறாருங்க. நான் என்ன கம்ப்யூட்டர் சிப்பா?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்.

மழை என்றாலே ரூபேந்திரனுக்கு ஆகாது. தினமும் மழை கொட்டும் கூலாய் ஊரில் இருந்துகொண்டு மழையை வெறுத்தால் எப்படி? ஆனால் அவர் கவலை அவருக்கு. தகட்டின் மேல் ஒரு சொட்டு பாலிமர் பசை வைப்பார். அதில் லித்தியம் உப்பு கரைந்திருக்கும். அந்தப் பசை ஈரத்தைக் குடித்தால் போச்சு. மின்னழுத்தம் கொடுத்ததும் உப்பின் அயனிகள் மெல்ல நகர்ந்து தகட்டை ஒட்டி உட்காரும். அந்த இழுப்பில் தகட்டுக்குள் எலக்ட்ரான்கள் கூடும், மின்னோட்டம் பெருகும். அப்படியே குளிரவைத்தால் பசை இறுகி, அயனிகள் இடத்தை விட்டு அசையாது. அழுத்தத்தை எடுத்த பிறகும் ஓட்டம் குறையாது. அப்படி ஒன்று அமைய அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அமைந்த பிறகுதான் குழப்பமே வந்தது. ஓட்டம் நிலைத்திருப்பது இறுகிய அயனிகளாலா, இல்லை லித்தியம் தகட்டுக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிட்டதாலா? கண்டுபிடிக்க ஒரே வழி, பழையபடி சூடேற்றுவது. அயனிகள் கலைந்து ஓட்டம் இறங்கினால் அவர் சொன்னது சரி. இறங்காவிட்டால் இரண்டு வருட உழைப்பும் வீண். சரியென்றே வந்தாலும் கைக்குக் கிடைத்த அந்த அருமையான ஓட்டம் போய்விடும். மறுபடி அமையுமா என்று யாரால் சொல்ல முடியும்?

மனிதர் சூடேற்றத் துணியாமல், தகட்டின் குளிரூட்டியை ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆய்வுக்கூடத் தலைவர் சபாபதி போகும்போதும் வரும்போதும் சீண்டுவார். "சூடாக்குங்க லா ரூபன். அடைகாத்தா குஞ்சா பொரிக்கும்?"

"நாளைக்கு டாக்டர்."

அந்த நாளை வாரக்கணக்கில் நீண்டது. "பசியாறிட்டீங்களா?" என்று லோஷினி கேட்டால், தட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பாவம், சாப்பிட்டாரா என்பது அவருக்கே தெரியாது.

போன வெள்ளிக்கிழமை, என்ன தோன்றியதோ, மேசையின் இரும்புக் காலைத் தொட்டுவிட்டுக் குளிரூட்டியை நிறுத்தினார். தொட்ட கையை எடுக்கவில்லை. வெகுநேரம் திரையில் மின்னோட்டக் கோடு அசையாமல் கிடந்தது. பிறகு கோடு தயங்கித் தயங்கி இறங்கியது, அப்புறம் மடமடவென்று சரிந்து, பசை வைப்பதற்கு முன்னிருந்த அளவுக்கே போய் நின்றது.

"அலமாக்! அயனிதான் லா! நீங்க சொன்னதுதான் சரி!" சபாபதி முதுகில் தட்டினார்.

ரூபேந்திரன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஜெயித்தது அவர்தான். செத்துப்போன ஓட்டமும் அவருடையதுதான்.

சாயங்காலம், பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை வேலை முடிந்து, கொட்டும் மழையில் லோஷினி கார் எடுத்து வந்திருந்தார். ஆய்வுக்கூடப் படியில் கணவர் நிற்கிற நிற்பைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தார்.

"என்னங்க, சரியா வந்துச்சா, போச்சா?"

"சரியா வந்துச்சு. அதனால போச்சு." சற்று யோசித்தார். "எனக்கே புரியல லா."

லோஷினி படிக்கட்டின் இரும்புக் கம்பியில் தன் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்தினார். பிறகு கணவரின் கையைப் பிடித்தார்.