வெள்ளிமலை பஸ்ஸில் வேற்றுக்கிரகக் கதை

இன்று கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில், போனில் ஓர் அறிவியல் புனைகதை படித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. மடியில் மருந்துப் பை.

"இன்னாம்மா, ஏறினதுலேர்ந்து படிச்சிக்கினே வர்ற?" என்றார்.

சொன்னேன். சிலர் வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே ஓர் உயிர் இருக்கிறது. ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. கூப்பிடுகிறதா, விரட்டுகிறதா, வலியில் கத்துகிறதா, யாருக்கும் விளங்கவில்லை.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரும் அப்டித்தாம்மா. பக்கவாதம் வந்ததுலேர்ந்து 'பா பா'ன்னு மட்டும் சொல்றாரு. தண்ணி குடுத்தா தட்டி வுடறாரு. கிட்ட போனா அழுவறாரு. இன்னா கேக்கறாருன்னே தெரியல."

மடியிலிருந்த மருந்துப் பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அந்தக் கதைல கடைசியா புரிஞ்சிக்கினாங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. என்னென்னவோ பண்ணிப் பாத்தாங்க, முடியல. கெளம்பி ஊருக்கு வந்துட்டாங்க."

"அவங்களுக்குத் திரும்பி வர்றதுக்கு ஒரு ஊரு இருந்திச்சி," என்றார்.

போனை அணைத்து மடியில் வைத்தேன்.

மலை ஏறியதும் ஒரு நிறுத்தத்தில் எழுந்தார். "தனியா கெடந்தா ஜாஸ்தியா கத்துவாரு. வரேம்மா." இறங்கி வேகமாக நடந்தார்.

நான் படித்த இந்த மாதிரிக் கதைகளில் மனிதர்கள் சண்டை போடுகிறார்கள், இல்லையென்றால் கிளம்பிவிடுகிறார்கள். ஒன்றும் புரியாமலேயே உடனிருந்து சோறூட்டுகிறவர்களின் கதை எதையாவது படித்திருக்கிறீர்களா? ராக்கெட் தேவைப்படாததால் யாரும் எழுதவில்லையோ என்னவோ.