சத்யப்பிரியா டீச்சரின் நெருப்பு

சத்யப்பிரியா டீச்சருக்கு இலவசம் என்றால் கண் விரியும். துணிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பைக்கு விரியாது. இணையத்தில் காசு கேட்காமல் பாடம் நடத்த ஒரு தளம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அடுப்பில் பால் இருப்பதே மறந்துபோகும். அந்தப் பாலை இறக்கி வைத்தவள் நான்.

மாமனாரைப் பார்த்துக்கொள்வதற்காக என்னை வேலைக்கு வைத்திருந்தாள். என் மகள் வயசு என்பதால் எழுதும்போது அவள் என்றே வருகிறது. நேரில் டீச்சர்தான். நான் கடலூரில் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். கட்டிலில் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டத் தெரியும், அடம் பிடிப்பவரை நடக்க வைக்கத் தெரியும். மாமனார் கலியமூர்த்தி காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, சிதம்பரத்தில் மகன் வீட்டில் கிடந்தார். மகன் ஸ்ரீதருக்குக் கடலூரில் கம்பெனி வேலை, காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மருமகள் டவுன் பஸ் பிடித்துப் புவனகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். ஆறாம் வகுப்பு ஆங்கிலம்.

அவள் பிறந்தது மங்கலம்பேட்டையில். அப்பா பக்கிரி வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் தாமதமாகவே ஓட விட்டிருப்பாராம். எடுக்கும் நேரத்தைத் தன் கைக்கடிகாரத்தில் பார்ப்பார், திருப்பும் நேரத்தைக் கடைக் கடிகாரத்தில். மணிக்கணக்கில் சைக்கிள் எடுக்கும் பிள்ளைகள், தெரியாமலே பத்து நிமிஷம் கூடுதலாக ஓட்டட்டும் என்று. புதுப் பையன் வந்தால் முதல் ரவுண்டு ஓசி.

"இந்த வெப்சைட்காரனுங்களும் எங்கப்பா மாதிரிதான்" என்பாள். "முதல் ரவுண்டு ஓசி. அதுக்குள்ள நல்லா ஓட்டிடணும்."

நன்றாகவே ஓட்டினாள். அவள் கைப்பையில் சீப்பு இருக்காது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கும். பள்ளிக்கூட புரொஜெக்டர் தட்டினால்தான் எரியும்; எந்த இடத்தில் தட்டுவது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு ஜன்னலில். தன் போனை அந்தக் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு, அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுப்பாள். வானத்திலிருந்து ஊரைக் காட்டும் ஒரு தளத்தைத் திறந்து, வலம் இடம், வடக்கு தெற்கு எல்லாம் ஆங்கிலத்தில் வழி சொல்ல வைப்பாள். பிள்ளைகள் வெள்ளாற்றுப் பாலத்தில் ஆரம்பித்து அவரவர் வீட்டு மொட்டைமாடி வரை போய்விட்டார்கள். ஒரு பையன் தன் வீட்டு மாடியில் காய்ந்த லுங்கி அப்பாவுடையதுதான் என்று ஆங்கிலத்தில் வாதாடினான். அவன் அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன்.

கேள்வி கேட்க ஒரு சுழல்சக்கரம் வைத்திருந்தாள். எல்லார் பெயரையும் அதில் போட்டுச் சுற்றினால், யார் பெயரில் நிற்கிறதோ அவர் பதில் சொல்ல வேண்டும். இதை ஒரு நாள் மாமனாருக்குக் காட்டியதுதான் தப்பு. மறுநாளிலிருந்து அவர் பக்கத்து மேஜையில் இருந்த பழைய டேப்லெட்டில் இட்லி, தோசை, பொங்கல், உப்புமா என்று போட்டுத் தினமும் சுற்ற ஆரம்பித்தார். விழுந்ததைச் செய்து தர வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்று நாள் தொடர்ந்து உப்புமா விழுந்தது.

"சிஸ்டர், இதுல என்னமோ தில்லுமுல்லு இருக்கு" என்றார் என்னிடம். நான் சிஸ்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

"சக்கரத்துக்கு உங்க மேல என்ன விரோதம் ஐயா?"

"சக்கரத்துக்கு இல்ல. அதுக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு."

"மாமா, நீங்களேதான சுத்துனீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

இந்தச் சமயத்தில்தான் நெருப்பு வந்து சேர்ந்தது.

அது கதை படிக்கிற தளம். பிள்ளைகள் சின்னச் சின்ன ஆங்கிலக் கதைகளைப் படித்து, கீழே இருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் படித்துவிட்டால், வகுப்புப் பக்கத்தின் தலையில் ஒரு தீபச்சுடர் சிவப்பாக எரியும், பக்கத்தில் எத்தனையாவது நாள் என்று எண் ஏறும். அடுத்த நாள் பிறந்ததும் சுடர் சாம்பல் நிறமாகிவிடும், மறுபடி படித்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். விடாமல் நூறு நாள் ஏற்றினால், காசு கட்டிப் படிக்கிற கதைகளையெல்லாம் அந்த வகுப்புக்கு ஒரு வருஷம் சும்மா திறந்துவிடுவார்கள்.

அவளுக்கு அது வேண்டும். இலவசமாகக் கிடைத்த கதைகள் தீர்ந்துகொண்டிருந்தன, பிள்ளைகள் படித்ததையே படித்தார்கள். ஜூன் மாதம் ஒரு வரியை எழுத்துக் கூட்டியவர்கள் இப்போது பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போகிறார்கள். இந்த நேரத்தில் கதை தீர்ந்தால் பழக்கமும் தீரும் என்று பயந்தாள். பள்ளிக்கூடத்தில் காசு கேட்கவும் வழியில்லை.

பள்ளி நாளில் கடைசிப் பீரியடில் படித்தார்கள். லீவு நாளில் சாயங்காலம் வீட்டில் அப்பா அம்மா போனில். இதற்காகக் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் சாமிக்கண்ணு என்கிற லோடு ஆட்டோக்காரர் எழுந்து நின்றாராம்.

"புஸ்தகம் கால்ல பட்டா தொட்டுக் கும்புடறோம் டீச்சர். போன அப்படியா வச்சிருக்கோம்? படுத்துகிட்டு நோண்டறோம். அதுல போயி படிப்புன்றீங்க."

"அப்ப இனிமே அதையும் தொட்டுக் கும்புடுங்க" என்றாள் இவள். "இந்தப் பிள்ளைங்களுக்கு அதுவும் புஸ்தகம்தான். புஸ்தகத்துக்கு என்ன மரியாதையோ அதுக்கும் அதே மரியாதை."

கூட்டம் கை தட்டியது. சாமிக்கண்ணு மகள் சுவாதி அன்று முதல் போன் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாளாம். டீச்சர் வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னாள்.

நெருப்பைக் காவல் காத்தவர் கலியமூர்த்தி. வகுப்புப் பக்கத்தை டேப்லெட்டில் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளை படித்தது, எது டபாய்க்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. வாக்கர் பிடித்து நடங்கள் என்றால், "இரு சிஸ்டர், இன்னும் ரெண்டு பேர் பாக்கி" என்பார்.

சரஸ்வதி பூஜை காலாண்டு லீவில் வந்தது. அதற்கு முதல் நாளோடு தொண்ணூற்றெட்டு ஆகியிருந்தது.

பூஜையன்று சாயங்காலம் சுண்டலைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் வகுப்புப் பக்கத்தைத் திறந்தாள். சுடர் சாம்பலாக இருந்தது. அது வழக்கம்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாள், ஒரு பிள்ளைகூடப் படிக்கவில்லை. போன் போட ஆரம்பித்தாள். சுவிட்ச் ஆஃப். அடுத்த வீடு, சுவிட்ச் ஆஃப். புவனகிரிக்கே கரண்ட் போய்விட்டதா என்று என்னைக் கேட்டாள், நான் என்ன மின்வாரியமா. கடைசியில் சாமிக்கண்ணு ஆட்டோவில் வைத்திருந்த பட்டன் போன் ஒன்று கிடைத்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாமிக்கண்ணு அண்ணே, உங்க இன்னொரு போன் என்னாச்சு?"

"பூஜையில இருக்கு டீச்சர்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீங்கதான சொன்னீங்க, அதுவும் புஸ்தகம்னு. சுவாதி எங்க ரெண்டு பேர் போனையும் புடுங்கி, புஸ்தகத்துக்கு மேல அடுக்கி, சந்தனம் குங்குமம் வச்சிட்டா. தெரு முழுக்க இதே கதைதான். உங்க கிளாஸ் பசங்க எல்லாம் பேசி வச்சிருக்குதுங்க."

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்து அவளப் படிக்கச் சொல்லுங்க."

"பூஜையில வச்ச புஸ்தகத்த இன்னிக்கு எடுத்துப் படிப்பாங்களா டீச்சர்? நான் எனக்கு வர்ற லோடு போனையே விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

பின்னாலிருந்து சுவாதி கத்தினாள்: "படிச்சா சாமி கோவிச்சுக்கும் டீச்சர். நாளைக்குக் காலையில எடுத்துப் படிக்கிறோம்."

போனை வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே கேட்ட பிள்ளைகளை எப்படித் திட்டுவது?

கலியமூர்த்தி சுண்டலை மென்றபடி, "ஊருக்கெல்லாம் அது புஸ்தகம், உனக்கு மட்டும் போனா? கையில வச்சிருக்கியே" என்றார்.

"மாமா, சும்மா இருங்க."

"சரி, ஒரு வழி சொல்றேன். பசங்க பாஸ்வேர்டு எல்லாம் உன்கிட்டதான இருக்கு. நீ பாதி, நான் பாதி. ஒவ்வொன்னா உள்ள போயி படிச்சிட்டு வந்துடலாம். பூஜையில இருக்கறது அதுங்க போன்தான, நம்மது இல்லையே."

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதை நான் கவனித்தேன். அரை நிமிஷம் இருக்கும்.

"வேணாம் மாமா. எங்கப்பா கடைக் கடிகாரத்தக் குறைச்சு வச்சது பசங்களுக்காக. கூட்டி வச்சு காசு பாத்ததில்ல. பசங்க படிக்காத நாளைப் படிச்ச நாள்னு எழுத மாட்டேன்."

"அப்ப நான் திருடன்ற."

"அப்படிச் சொல்லல."

"பார்வை சொல்லுச்சு." அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் அப்படித் திடீரென்று திரும்பக் கூடாது. அதைச் சொன்னதும் என்மேலும் கோபம்.

அவள் ராத்திரி சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவில்லை, ஒரு வேளை விட்டால் ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

மறுநாள் விஜயதசமி. காலையில் அவள் பூஜையில் வைத்த புத்தகங்களை எடுத்து, ஸ்ரீதருக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி என்று படிக்கக் கொடுத்தாள். முகம் சரியில்லை. மாமனாரிடம் நீட்டியபோது அவர் கண் டேப்லெட்டில் இருந்தது.

"சத்யா, உன் பசங்க படிக்குதுங்க."

"படிக்கட்டும் மாமா. அது நேத்தே போயிடுச்சு."

"எங்க போச்சு? தொண்ணூத்தெட்டுன்னுதான் போட்டிருக்கு."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். எண் பூஜ்யமாகவில்லை. சுடர் சாம்பலாக, நேற்று இருந்த மாதிரியே இருந்தது. கீழே பிள்ளைகள் பெயர் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தது. முதல் பெயர் சுவாதி. விஜயதசமி காலையில் முதல் எழுத்தைப் படிக்கச் சொன்னதும், எல்லாம் சந்தனத்தைத் துடைத்துவிட்டு அந்தத் தளத்தைத்தான் திறந்திருக்கின்றன.

"ராத்திரியே நாள் முடிஞ்சிருக்கணுமே" என்றாள்.

"அது என்னிக்கு ராத்திரி முடிஞ்சிருக்கு? மத்தியானம் சிஸ்டர் எனக்குச் சோறு கொண்டாந்து வைக்கறப்பதான் சாம்பலாவும். தினம் பாக்கறேன்."

கையிலிருந்த புத்தகத்தைக் கட்டிலில் வைத்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். தளம் அமெரிக்காக்காரனுடையது. அவனுக்கு நள்ளிரவு தாண்டி நாள் மாறும்போது இங்கே மத்தியானச் சாப்பாடு. நேற்றைய நாள் அவன் கணக்கில் இன்றைக்கு மத்தியானம் வரை இருக்கிறது. காலையிலோ மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையிலோ அவள் என்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

"இத நேத்தே சொல்லக் கூடாதா மாமா?"

"நீ எங்க கேட்ட? திருடன் வாயில வர்றது பொய்யாத்தான இருக்கும்."

அவளுக்குச் சண்டை போட நேரமில்லை. முக்கால்வாசிக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். போன்கள் இப்போது பேச ஆரம்பித்திருந்தன. ஒரு குடும்பம் கடலூர் போகிற பஸ்ஸில் இருந்தது; அந்தப் பெண் நின்றுகொண்டே படித்தாள். ஜெயப்பிரகாஷ் என்ற பையன் வீட்டில் போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர் சொருகுகிற ஓட்டையிலும் பக்தியாகச் சந்தனம் வைத்திருந்தான்.

"ஊசி போடாதே, தண்ணி விடாதே. போனை அணைச்சிட்டு, காய்ஞ்ச பல் தேய்க்கிற பிரஷ்ஷால மெதுவா தட்டி எடு" என்று போனில் நானே சொன்னேன். காது மெஷினில் அழுக்கு எடுக்கிற வேலைதான், புதுசில்லை.

மூன்றாவது வீட்டில்தான் மாட்டிக்கொண்டது. பொன்னி என்ற பெண்ணின் தாத்தா, நல்ல நேரம் பத்தே முக்காலுக்கு மேல்தான், அதற்கு முன் பூஜையைக் கலைக்க மாட்டேன் என்றுவிட்டார். இவள் கெஞ்சவில்லை. "சரிங்க ஐயா, நல்ல நேரத்துலயே எடுங்க" என்று வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்தாள். மாமனாரும் பார்த்தார். கோபம் இருந்தாலும் டேப்லெட் ஒன்றுதானே.

பதினொன்று தாண்டிப் பொன்னி பெயர் பச்சையானது. சுடர் குப்பென்று சிவந்தது. தொண்ணூற்றொன்பது.

நான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது அது சாம்பலாகியிருந்தது. "பாத்தியா, சொன்னேனே" என்றார் கலியமூர்த்தி, தானே அணைத்தவர் மாதிரி. சாயங்காலம் பிள்ளைகள் வழக்கம்போலப் படித்தார்கள், நூறும் ஏறியது. கதைகளைத் திறந்துவிட்டதாகத் தளத்திலிருந்து செய்தி வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்கப்பா கடைக் கடிகாரம் பத்து நிமிஷம்தான் லேட்டு. இவன் அரை நாள் லேட்டா வச்சிருக்கான்" என்றாள்.

கலியமூர்த்தி சக்கரத்தைச் சுற்றினார். நாலு கட்டத்திலும் வடை என்று எழுதியிருந்தார்.

"வடை விழுந்திருக்கு" என்றார்.

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், உளுந்து ஊறப் போடப் போனாள். நான் அவருக்கு அரை வடைக்கு மேல் கொடுக்கவில்லை.